கிங் ஜோடி கையில் இருந்தால் போதுமா?

போக்கர் ஆடும் எல்லோரிடமும் ஒரு சோகக் கதை இருக்கும். "கையில ரெண்டு ஏஸுடா மச்சி, அப்படியும் தோத்தேன்" என்று ஆரம்பிக்கும். எதிராளி ஒரு முட்டாள், சீட்டு கலைத்தவன் ராசியில்லாதவன், கடைசிச் சீட்டு கழுத்தறுத்துவிட்டது என்று போய் முடியும். கேட்கிறவன் "ச்சே" என்று சொல்ல வேண்டும். அதுதான் மரபு.

நான் இப்போதெல்லாம் "ச்சே" சொல்வதில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன். "அந்த இடத்துல அவன் அவ்ளோ சிப்ஸைத் தள்ளினானே, வேற எந்தெந்தச் சீட்டு இருந்தா தள்ளியிருப்பான்?" பெரும்பாலும் பதில் வராது. நட்புதான் கொஞ்சம் குறைகிறது :-)

என் கட்சி இதுதான். டோர்னமென்ட் போக்கரில் நல்ல கை என்று தனியாக ஒன்று கிடையாது. கையில் இருக்கும் இரண்டு சீட்டை மட்டும் பார்த்து "இதை எப்படிப் போடுவது?" என்று கேட்பவன், கணக்கில் பாதியைத்தான் போட்டிருக்கிறான்.

உள்ளே போவதற்கு முன் ஒரு டிஸ்கி. யாரையும் காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. இணையத்தில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமே நிறைவேற்றிவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் சிப்ஸ் என்பது புளியங்கொட்டை. ஜெயித்தால் மெஸ்ஸில் ஒரு முட்டை. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் கணக்குதான், பி.காம் பாடப் புத்தகத்தை விட சுவாரஸ்யமான கணக்கு.

ரம்மி மட்டும் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரி. இங்கே நான் சொல்வது ஹோல்டெம் என்ற வகை. ஆளுக்கு 2 சீட்டு, மூடி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு திறப்பார்கள், முதலில் 3, அப்புறம் 1, அப்புறம் 1. ஆக மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு திறப்புக்கும் நடுவே சிப்ஸ் கட்டலாம், ஏற்றலாம், ஈடு கொடுக்கலாம், இல்லை ரம்மியில் ஸ்கூட் விடுவது மாதிரி கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். டோர்னமென்ட் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கொடுத்து ஆரம்பிப்பார்கள். தீர்ந்தால் வெளியே. கடைசி வரை தாக்குப்பிடிக்கும் சிலருக்குத்தான் பரிசு.

முதலில் உண்மையிலேயே "ச்சே" சொல்ல வேண்டிய ஒரு கேஸ். 2008, லாஸ் வேகாஸ், வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட். மோட்டோயூகி மாபுச்சி என்ற ஜப்பானியர் கையில் ஏஸ் ஜோடி. நடுவில் ஏற்கனவே ஒரு ஏஸ். கடைசிச் சீட்டாக டைமண்ட் ஏஸும் வந்து விழுகிறது. நாலு ஏஸ்! மனிதப் பிறவியில் எத்தனை தடவை பார்க்க முடியும்? ஆனால் அதே டைமண்ட் ஏஸ்தான் எதிரே இருந்த ஜஸ்டின் ஃபிலிப்ஸுக்கும் தேவைப்பட்ட சீட்டு. அவர் கையில் டைமண்ட் கிங், டைமண்ட் ஜாக். நடுவில் டைமண்ட் குயினும் பத்தும் இருந்தன. ராயல் ஃப்ளஷ். மாபுச்சி அவுட்.

இதில் மாபுச்சி செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. தன் 2 சீட்டும் நடுவில் உள்ள 5 சீட்டும் போக அவர் கண்ணுக்குத் தெரியாதவை 45. அதிலிருந்து எதிராளியிடம் இரண்டு சீட்டு இருக்கக்கூடிய வழிகள் 990. அந்த 990-ல் அவரைத் தோற்கடிப்பது ஒரே ஒரு வழி. அதற்குப் பயந்து நாலு ஏஸைக் கவிழ்ப்பவன் போக்கர் ஆடுவதை விட்டுவிட்டுப் பல்லாங்குழி ஆடலாம்.

இப்போது இன்னொரு கேஸ். இதுவும் அதே மெயின் ஈவென்ட்தான், 2017-ல் முதல் நாள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆரம்பத்தில் ஆளுக்கு 50,000 சிப்ஸ். வனெஸா செல்ப்ஸ்ட் கையில் ஏஸ் ஜோடி. சாதாரண ஆள் இல்லை, யேலில் சட்டம் படித்தவர், இந்தப் போட்டித் தொடரில் மூன்று பட்டம் வென்றவர். எதிரே பிரான்சின் கயேல் போமன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, 2012 மெயின் ஈவென்டில் 10-ஆவது இடம் வரை வந்தவர். நடுவில் ஏஸ், ஏழு, ஐந்து. அப்புறம் இன்னொரு ஏழு. கடைசியில் நாலு. செல்ப்ஸ்டிடம் மூன்று ஏஸும் இரண்டு ஏழும், அதாவது இருப்பதிலேயே பெரிய ஃபுல் ஹவுஸ். அவர் கட்ட, போமன் மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். செல்ப்ஸ்ட் யோசித்தார். ஈடு கொடுத்தார். போமன் காட்டியது ஏழு ஜோடி. நாலு ஏழு. ஆரம்பக் கட்டத்திலேயே செல்ப்ஸ்ட் வெளியே.

இங்கேயும் 990-ல் ஒரே ஒரு வழிதான் அவரைத் தோற்கடிக்கும், மிச்சமிருக்கும் இரண்டு ஏழும் எதிராளி கையிலேயே இருக்கும் வழி. மாபுச்சி கேஸும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 990 என்ற எண்ணே இங்கே ஏமாற்று. அந்த 990-ல் பெரும்பாலான சீட்டுகளோடு போமன் எப்போதோ கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். கேட்க வேண்டியது வேறு. இவ்வளவு சிப்ஸ் ஏறிய பிறகு, ஏஸ் நடுவில் கிடக்கும்போது, செல்ப்ஸ்ட் மாதிரி ஒருவர் பெரிதாகக் கட்டிய பிறகு, அதற்கும் மேலே மொத்தத்தையும் தள்ள போமனுக்கு எந்தச் சீட்டு வேண்டும்? ஐந்து ஜோடி என்றால் ஐந்தில் ஃபுல் ஹவுஸ். அதற்கு 3 வழி. ஏஸும் ஏழும் என்றால், வெளியே மிச்சம் 1 ஏஸ், 2 ஏழு, ஆக 2 வழி. ஏழு ஜோடிக்கு 1 வழி. ஏழோடு ஐந்தோ நாலோ, இல்லை நாலு ஜோடி, இவற்றையும் பேப்பரில் சேர்க்கலாம். ஆனால் ஏழும் நாலும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிற ஆள் அவர் இல்லை.

ஆக ஐந்து ஜோடியும் ஏஸ்-ஏழும் வைத்து போமன் தள்ளுவார் என்றால் ஐந்துக்கு ஒன்று செல்ப்ஸ்டுக்குச் சாதகம். கண்ணை மூடிக்கொண்டு ஈடு கொடுக்கலாம். ஆனால் அந்தக் கைகளோடு போமன் தள்ளுவாரா, வெறுமனே ஈடு கொடுப்பாரா? ஐந்து ஜோடி வைத்திருப்பவருக்கும் பயம் இருக்குமே! எதிரே ஏஸ் ஜோடி இருந்தால் செத்தோம் என்று அவரும் யோசிப்பார். அந்த ஐந்து வழியிலும் அவர் ஈடு மட்டும் கொடுப்பவர் என்றால், "தள்ளினார்" என்ற செய்திக்குள் மிச்சம் இருப்பது ஏழு ஜோடி மட்டும்தான். 990-ல் ஒன்றாக இருந்தது ஒன்றில் ஒன்றாக ஆகிவிடும். சீட்டு எதுவும் மாறவில்லை. எதிராளியின் குணத்தைப் பற்றிய நம் ஊகம் மட்டும்தான் மாறியது.

செல்ப்ஸ்ட் ஈடு கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கென்ன தகுதி, நான் புளியங்கொட்டைக்காரன். என் கணக்கில் அது சரியான முடிவுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் அது யோசிக்க வேண்டிய இடம். அவர் யோசித்தார். நம் ஆட்கள் இந்த இடத்தில் ஒரு நொடிகூட யோசிக்காமல் "ஃபுல் ஹவுஸ்டா!" என்று கத்திக்கொண்டே கொட்டையைத் தள்ளுவார்கள். தோற்ற பிறகு நம்மிடம் "ச்சே" கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பிளைண்டு, அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை, மிகச் சிறியது. கையில் இருந்த சிப்ஸ் பெரிய பிளைண்டைப் போல் 300 மடங்குக்கும் மேல். இவ்வளவு ஆழமான தண்ணீரில் மொத்தமும் உள்ளே போகிறது என்றால் இரண்டு பேரிடமும் அசாதாரணமாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பத்து மடங்குதான் மிச்சம் இருக்கும் கட்டத்தில் சாதாரண ஒரு ஜோடியே கோட்டை. 300 மடங்கில் அதே ஜோடி ஓலைக் குடிசை.

(செல்ப்ஸ்ட் அந்த வருடக் கடைசியில் முழுநேர போக்கரை விட்டுவிட்டு முதலீட்டு நிறுவன வேலைக்குப் போய்விட்டார். இந்த ஒரு ஆட்டத்தால் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். காமர்ஸ்காரனாக எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.)

சரி, இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. ஒரு தடவை நாலு ஏழிடம் அடி வாங்கிவிட்டால் போதும், அப்புறம் எவன் ஏற்றினாலும் அவனிடம் இருப்பதிலேயே பெரிய கை இருப்பதாகத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர்கள் தோற்கும் விதம் வேறு. ஒரே அடியில் வெளியே போக மாட்டார்கள். ஜெயிக்கிற கைகளில் குறைவாக வாங்கி, கட்ட வேண்டிய இடத்தில் சும்மா விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவார்கள். இதற்குச் சோகக் கதை கிடையாது, அதனால் யாருக்கும் தெரியாது. வசூலாகாத வருமானத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவு இல்லையே.

போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்ளான்ஸ்கி இந்தக் குழப்பத்துக்கு நல்ல அளவுகோல் ஒன்று தருகிறார். கடைசிச் சீட்டு வந்த பிறகு, கடைசி ஆளாகப் பேசும்போது, "நான் ஜெயிக்கிறேனா?" என்று கேட்காதே. "நான் கட்டினால் ஈடு கொடுக்கும் கைகளில் பாதிக்கு மேல் என்னை விட மட்டமா?" என்று கேள். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கும். கிடையாது. எதிராளியின் மொத்தக் கைகளில் 80 சதவீதத்தை நீங்கள் ஜெயிக்கலாம், ஆனால் அந்த 80-ல் ஒன்றும் உங்கள் கட்டுக்கு ஈடு கொடுக்காது, மிச்ச 20 மட்டும் கொடுக்கும் என்றால், கட்டுவது சுத்த நஷ்டம். பேசாமல் சும்மா விட்டுச் சீட்டைக் காட்டுங்கள்.

இதுவரை சொன்னது எந்த போக்கருக்கும் பொருந்தும். டோர்னமென்டில்தான் உண்மையான விவகாரம் ஆரம்பிக்கிறது. அங்கே சிப்ஸ் காசு இல்லை.

ப்ளஸ் டூ பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் மாம்பழம் அமிர்தம், ஐந்தாவது மாம்பழம் அஜீரணம். டோர்னமென்ட் சிப்ஸும் அப்படித்தான். உங்களிடம் இருக்கும் சிப்ஸ் இரட்டிப்பானால் உங்கள் பரிசுப் பங்கு இரட்டிப்பாகாது. ஆனால் முழுக்கப் போனால் முழுப் பங்கும் போகும்.

என் ரூம்மேட்டுக்கும் எனக்கும் சண்டை வந்தது இதில்தான். நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு, எல்லோரிடமும் கிட்டத்தட்ட சமமான கொட்டை. ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட ஏற்றாத ஒரு சாது, திடீரென்று மொத்தத்தையும் தள்ளுகிறான். இவன் கையில் கிங் ஜோடி. ஈடு கொடுத்தான். சாதுவிடம் ஏஸ் ஜோடி. "கிங்ஸ்டா! எப்படிடா போடுவேன்?" என்கிறான். நான் போட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

முட்டைக் கணக்கை விடுங்கள், புரிவதற்காக ரூபாயில் பார்ப்போம். பரிசு 50,000, 30,000, 20,000. நாலாமவனுக்கு ஒன்றுமில்லை. சிப்ஸ் சமம், திறமை சமம் என்றால் ஒவ்வொருவர் பங்கும் 25,000. இப்போது ஈடு கொடுத்துத் தோற்றால் உங்கள் பங்கு 0. ஜெயித்தால்? மொத்த சிப்ஸில் பாதி உங்களிடம். முதல் இடம் வர 50 சதவீதம், இரண்டாமிடம் 33.3, மூன்றாமிடம் 16.7. பெருக்கிக் கூட்டினால் சுமார் 38,330 ரூபாய். அதாவது 13,330 சம்பாதிக்க 25,000-ஐப் பணயம் வைக்கிறீர்கள். இது நஷ்டமில்லாமல் இருக்க நீங்கள் 65 சதவீதம் ஜெயிக்க வேண்டும். சிப்ஸ் கணக்கு மட்டும் பார்த்தால் 50 போதும்.

மிச்சப் பணம் எங்கே போகிறது? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் மற்ற இரண்டு பேரிடம். நீங்கள் இரண்டு பேரும் மோதிய அந்த நொடியில் அவர்கள் பங்கு ஆளுக்கு 25,000-லிருந்து சுமார் 30,830 ஆகிறது. ஒரு சீட்டைக்கூடத் தொடாமல்! இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாமவனுக்குக் கொண்டாட்டம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கை நான் பார்த்ததில்லை. இந்த முறைக்குப் பெயர் இண்டிபெண்டன்ட் சிப் மாடல். டேவிட் ஹார்வில் என்பவர் 1973-ல் குதிரைப் பந்தயத்தை வைத்து எழுதிய சூத்திரம், 1987-ல் மேசன் மால்மூத் அதை போக்கருக்குக் கொண்டுவந்தார்.

இப்போது கிங் ஜோடி. அந்தச் சாது எதோடு தள்ளுவான்? ஏஸ் ஜோடி 6 வழி, குயின் ஜோடி 6 வழி, ஏஸ்-கிங் 8 வழி, மிச்ச இரண்டு கிங்கும் அவனிடமே 1 வழி. கிங் ஜோடி ஏஸ் ஜோடியிடம் சுமார் 18 சதவீதம்தான் ஜெயிக்கும், குயின் ஜோடியிடம் 82, ஏஸ்-கிங்கிடம் 70-ஐ ஒட்டி. சராசரி எடுத்தால் சுமார் 57. தேவை 65. கவிழ்! அவன் குயின் ஜோடியைக்கூடத் தள்ளாத அளவுக்குச் சாது என்றால் 47-க்கு இறங்கிவிடும். கவிழ், கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடி. ஆனால் ஜாக் ஜோடி, பத்து ஜோடியும் தள்ளுகிற கொஞ்சம் துணிச்சலான ஆள் என்றால் சுமார் 66. அப்போது ஈடு கொடுக்கலாம், அதுவும் மயிரிழையில். (நடுவில் கிடக்கும் பிளைண்டைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் 65 கொஞ்சம் இறங்கும், கதை மாறாது.)

கவனியுங்கள், அதே கிங் ஜோடியோடு நீங்கள் முதலில் தள்ளுவது வேறு விஷயம். தாராளமாகத் தள்ளலாம். தள்ளுபவனுக்கு ஜெயிக்க இரண்டு வழி, எல்லோரும் கவிழ்ந்தாலும் ஜெயம், ஈடு வந்தால் சீட்டு இருக்கிறது. ஈடு கொடுப்பவனுக்குச் சீட்டு மட்டும்தான். ஏற்றுவதற்குத் தேவையான கையை விட ஏற்றியவனோடு மோதத் தேவையான கை பெரிதாக இருக்க வேண்டும் என்று இதையும் ஸ்க்ளான்ஸ்கிதான் எழுதியிருக்கிறார்.

ரூம்மேட் கடைசியாகக் கேட்டான், "அப்போ ஏஸ் ஜோடியையும் கவிழ்ப்பியா?" மேலே சொன்ன நாலு பேர் கணக்கில் கவிழ்க்க மாட்டேன். ஆனால் கவிழ்க்க வேண்டிய ஆட்டமும் இருக்கிறது. சாட்டிலைட் என்பார்கள், பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்று. 11 பேர் மிச்சம், பரிசு 10 இடம், பத்தும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்ஸ் சமம் என்றால் இப்போதே உங்களுக்கு 91 சதவீத இடம் கையில். இரட்டிப்பாக்கினாலும் 100-க்கு மேல் போகாது. ஏஸ் ஜோடி, எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளியிருந்தால்கூட, 85 சதவீதம்தான் ஜெயிக்கும். 91-ஐக் கொடுத்து 85-ஐ வாங்குபவனை எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் சார் வகுப்பை விட்டே அனுப்பிவிடுவார். இந்த ஆட்டத்திலேயே பெரிய ஆரம்பக் கையை, சீட்டு எதுவும் திறக்கும் முன், தூக்கிப் போட வேண்டும். ரூம்மேட் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிறுக்குத்தனம் என்கிறான்.

சாட்டிலைட் என்றதும் கிறிஸ் மணிமேக்கர் ஞாபகம் வரும். 2003-ல் இணையத்தில் தகுதிச் சுற்று ஜெயித்து மெயின் ஈவென்டுக்குள் வந்த அக்கவுண்டன்ட். ஆமாம், நம்ம ஆள்! 839 பேர் ஆடிய போட்டியில் கடைசியில் அவரும் சாம் ஃபார்ஹாவும் மட்டும். கடைசி ஆட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஜாக்கும் பத்தும், மணிமேக்கரிடம் ஐந்தும் நாலும். திறந்தது ஜாக், ஐந்து, நாலு. ஃபார்ஹாவுக்கு மேல் ஜோடி, எதிரே இரண்டு ஜோடி. மொத்தமும் உள்ளே போனது. ஒரு எட்டு, ஒரு ஐந்து வந்து முடிந்தது. 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்கு, 13 லட்சம் ஃபார்ஹாவுக்கு.

வெறும் ஜாக் ஜோடியை வைத்து மொத்தத்தையும் விட்டாரே என்று ஃபார்ஹாவைக் கிண்டல் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அவர் பக்கம். இரண்டே பேர் மிச்சம் என்றால் இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி, ஆடுவது மீதி 12 லட்சத்துக்கு மட்டும். வேடிக்கை பார்த்துப் பங்கு சேர்க்க மூன்றாமவன் இல்லை. பாதி சிப்ஸ் இருந்தால் 12 லட்சத்தில் பாதி, கால்வாசி இருந்தால் கால்வாசி, நேர்க்கோடு. 65 என்ற கோடு திரும்ப 50-க்கே வந்துவிடுகிறது. இரண்டு பேர் ஆட்டத்தில் ஆளுக்கு ஏதோ ஒரு சீட்டுதான் வரும், அங்கே மேல் ஜோடி என்பது பெரிய கை. நாலு பேர் இருக்கும்போது அந்தச் சாதுவின் மொத்தக் கொட்டைக்கு எதிராக அதே ஜாக்-பத்தை, அதே ஜாக் நடுவில் திறந்து கிடந்தாலும், நான் தொட மாட்டேன்.